தரகர் விலகிக்கொள்ள வேண்டிய இடம் எது?





நமது ஊர்களில் காணி, வீடு ஆகியவற்றை வாங்கவும் விற்கவும் துணைநிற்கும் தரகுத் தொழிலில் இளைஞர் பலர் இன்று ஈடுபட்டுள்ளனர். பெரிய முதலீடு வேண்டியதில்லை. கையில் ஒரு தொலைபேசியும், ஏறிச் செல்ல ஒரு மோட்டார் சைக்கிளும், ஊரில் நாலு பேருடைய அறிமுகமும் இருந்தால் போதும் என்று எண்ணி இத்துறையில் இறங்கிவிடுகிறார்கள். ஒரு காணி கைமாறினால் பல மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகை ஒரே நாளில் கைக்கு வருகிறது. அது கைமாறாவிட்டால் ஓடிய ஓட்டமும் எரித்த பெற்றோலும் வீண். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில்தான் தரகரின் ஈமான் சோதிக்கப்படுகிறது.

விற்பவர் தமது பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பதை நாம் மிம்பர்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். வாங்க வருபவரின் பக்கத்தில் இருக்கும் குற்றங்களைப் பற்றியும், அவருக்குத் துணைநிற்பவர் எந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியும் நாம் பேசுவது குறைவு. எனவே, ஒரு தரகர் தம்மிடம் வரும் கொள்வனவாளருடன் எதுவரை கூடச் செல்லலாம், எங்கே விலகிவிட வேண்டும், விலகும்போது எவ்வாறு விலக வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

தரகு ஆகுமான தொழிலா?

அரபு மொழியில் தரகரை 'ஸிம்ஸார்' என்பர். நபி (ஸல்) அவர்களது காலத்திலேயே மதீனாவின் சந்தையில் இப்பெயரால் அழைக்கப்பட்டோர் இருந்தனர். கைஸ் இப்னு அபீ கரஸா (ரழி) அவர்கள் இது பற்றி அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. தங்களை மக்கள் தரகர்கள் என்றே அழைத்து வந்ததாகவும், நபியவர்கள் தங்களிடம் வந்து அதைவிடச் சிறந்த பெயரான 'வணிகர்கள்' என்பதைச் சூட்டியதாகவும் அவர் கூறுகிறார். அத்துடன், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமிடுதலும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு அவர்கள் உபதேசித்தார்கள். தொழிலை ஒழிக்குமாறு கூறவில்லை. அதில் படியும் அழுக்கைக் கழுவும் வழியைக் காட்டினார்கள்.

தாபிஈன்களில் இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம் அந்நகஈ, ஹஸன் அல்பஸரி (ரஹ்) ஆகியோர் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்பதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் ஒரு பாடத்தின் முகப்பிலேயே குறிப்பிட்டுள்ளார்கள்.

அதே வேளை, வெளியூரிலிருந்து சரக்குடன் வருபவருக்காக நகரவாசி விற்றுக்கொடுக்கக் கூடாது என்ற தடையும் ஹதீஸில் உண்டு. இதன் கருத்தென்ன என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வினவப்பட்டபோது, நகரவாசி அவருக்குத் தரகராக இருக்கக் கூடாது என்பதே அது என்று விளக்கினார்கள். மக்களுக்கு அவசியமான சரக்கை இறக்கி வைக்கச் செய்து, சிறுகச் சிறுக விலையேற்றி விற்றுத் தருவதாகக் கூறும் இடைத்தரகையே இத்தடை நாடுகிறது என்று ஷாபிஈ மத்ஹபின் உலமாக்கள் விளக்குகிறார்கள்.

இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. தரகு தன்னளவில் ஹலாலானது. அது பிறருக்குத் தீங்காக மாறும் இடத்தில் தடை வந்துவிடுகிறது. எனவே நமக்குரிய அளவுகோல் இதுதான்: உங்களுக்கு நட்டம் வரும்போது விலகுவது உங்கள் விருப்பம், மற்றவருக்கு அநியாயம் நிகழும்போது விலகுவது உங்கள் கடமை. நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். நட்டம் வந்தவுடன் கோபத்தோடு விலகுகிறோம். அநியாயம் நடக்கும்போது தரகுக் கூலியை எண்ணிக்கொண்டு கூடவே நிற்கிறோம்.

பொறுமை காட்ட வேண்டியவர்

தாமதிக்கும் ஒவ்வொருவரும் காலத்தை வீணடிப்பவர் அல்லர். மத்திய கிழக்கு நாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பத்துப் பேர்ச் காணி வாங்க வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய வாழ்நாளில் அவர் செய்யும் ஒரே பெரிய கொள்வனவு அதுவாகவே இருக்கலாம். அவர் தாயிடம் கேட்பார். மனைவியைக் காட்ட அழைத்து வருவார். மழை நாளில் வெள்ளம் நிற்கிறதா என்று பார்க்க மீண்டும் வருவார். இஸ்திகாரா தொழுதுவிட்டு முடிவு சொல்வதாகக் கூறுவார். இவை யாவும் அவருடைய உரிமைகளாகும்.

அவர் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு உறுதியைப் பரிசோதிக்க விரும்பினால் அதற்காகவும் நீங்கள் மனம் சுருங்கக் கூடாது. காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்து வரலாற்றைத் தேடிப் பார்ப்பது நமது நாட்டில் சட்டத்தரணிகளின் வழமை. நில அளவை வரைபடத்தைக் காணியின் எல்லைகளோடு ஒப்பிட வேண்டும். வீதி எல்லை பற்றிய சான்றிதழையும் உள்ளூராட்சி மன்றத்தில் பெற வேண்டும். இவற்றுக்கு நாட்கள் எடுக்கும். 'என்மீது நம்பிக்கையில்லையா?' என்று கேட்டு அவரை அவசரப்படுத்தும் தரகர், தம்மை அறியாமலேயே மோசடிக்கு வாசல் திறந்துவிடுகிறார்.

பேசி முடித்த பின்னர் சங்கடத்தால் பின்வாங்குபவருக்கும் கருணை காட்ட இடமுண்டு. ஒரு முஸ்லிம் வருந்தி மீளக் கேட்கும் வியாபாரத்தை ரத்துச் செய்துகொடுப்பவரின் தவறை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் வந்துள்ளது. விற்பவரின் மனத்தை அதற்கு இணங்கச் செய்வதும் தரகர் செய்யக்கூடிய ஒரு நன்மையே.

விலகுவது ஆகுமான இடம்

இனி, வாங்கும் எண்ணமே இல்லாதவர் பற்றிப் பார்ப்போம். சென்ற ஆண்டு ஜும்ஆத் தொழுகையின் பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்து, ஒருவருக்கு ஏழு மாதங்களாகப் பதினொரு காணிகளைக் காட்டியிருப்பதாகவும், அவரைக் கைவிட்டால் பாவமாகுமா என்றும் கேட்டார். அவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்டேன், தெரியாது என்றார். வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றார். முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் ஏழு மாதம் கழிந்தும் கேட்கப்படவில்லை.

எனவே வாலிபர்களே, முதற் சந்திப்பிலேயே மூன்று விடயங்களைக் கண்ணியமாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எந்தப் பகுதியில், எத்தனை பேர்ச், என்ன விலைக்குள் தேடுகிறார்? பணம் எங்கிருந்து, எப்போது வரும்? இறுதி முடிவை எடுப்பவர் யார்? அவற்றோடு உங்கள் கூலி எவ்வளவு, அதை யார் தருவது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். இயலுமாயின் எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனத்தில் ஏவிய மார்க்கம் நம்முடையது.

இவ்வளவும் பேசிய பின்பும் ஒருவர் பணத்தைக் காட்டாமல் காணிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் காணிச் சொந்தக்காரரின் பெயரையும் முகவரியையும் முதலில் கேட்டுப் பின்னர் உங்களை விட்டுவிட்டு நேரடியாகச் செல்ல முனைந்தால், நீங்கள் விலகிக்கொள்வதில் எந்தப் பாவமும் இல்லை. உங்கள் நேரம் உங்கள் பிள்ளைகளின் உணவாகும்.

இவ்விடத்தில் கூலி பற்றிய சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். காரியம் முடிந்தால் இன்ன கூலி என்று பேசிக்கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் 'ஜுஆலா' என்று அழைக்கின்றன. ஷாபிஈ மத்ஹபின்படி, காரியம் முடியும் முன் இரு தரப்பாரில் எவரும் அதிலிருந்து விலகலாம். உழைப்பவர் தாமாகவே இடையில் விலகினால் அவருக்குக் கூலி இல்லை. வேலை தொடங்கிய பின் அமர்த்தியவர் அதை ரத்துச் செய்தால், செய்த வேலைக்குரிய நியாயமான கூலியை அவர் கொடுக்க வேண்டும். ஆகவே, நீங்களாக விலகிய பின்னர் பெற்றோல் செலவைக் கேட்டு ஒருவரின் வாசலில் நிற்காதீர்கள்.

உங்கள் முயற்சியால் காணியைக் கண்டுகொண்டு, கூலியைத் தவிர்ப்பதற்காகவே உங்களை ஒதுக்கிவிட்டு உறுதி எழுதுபவரின் நிலையோ பாரதூரமானது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கும் ஹதீஸுல் குத்ஸி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. காணி வாங்கும் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

விலகுவது கடமையான இடங்கள்

முதலாவது, விற்பவரின் இக்கட்டைக் கொண்டு அவரை ஏமாற்றுமாறு கொள்வனவாளர் கேட்கும் இடம்.

ஒரு சகோதரி தமது கணவரின் இருதய சத்திரசிகிச்சைக்காக வீட்டு வளவை விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. இதை அறிந்த கொள்வனவாளர் தரகரிடம், 'இரண்டு கிழமை இழுத்தடியுங்கள். வேறு யாரும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். விலை தானாக இறங்கும். உங்களுக்கும் கூட்டித் தருகிறேன்' என்கிறார்.

குறைந்த விலைக்குக் கேட்பது குற்றமல்ல. அந்த விலையை உள்ளபடியே சென்று சொல்வதும் தரகருக்கு ஆகும். ஆனால் வேறு இருவர் கேட்டிருக்க, எவரும் கேட்கவில்லை என்று கூறுவது பொய். நாளைக் கடத்துவது துரோகம். அந்தச் சகோதரி தரகரை நம்பித்தான் தமது துயரத்தைச் சொன்னார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதமாகும். இங்கே தரகர் 'நான் இதைச் செய்யமாட்டேன்' என்று கூற வேண்டும். கொள்வனவாளர் வற்புறுத்தினால் அவரை விட்டு விலகிவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு முன்மாதிரியை ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களிடம் காண்கிறோம். அவருக்காக ஒரு குதிரை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த ஜரீர் அவர்கள், அது அதைவிடப் பெறுமதியானது என்று சொந்தக்காரரிடம் தாமே கூறி, விலையைப் படிப்படியாக உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த பைஅத்தே அதற்குக் காரணம். எல்லாக் கொள்வனவாளரும் ஜரீர் (ரழி) ஆகிவிட முடியாது. ஆனால் ஜரீர் (ரழி) அவர்களைப் படித்த சமூகத்தில் ஒரு நோயாளியின் படுக்கையை வைத்து விலை குறைக்கப்படக் கூடாது.

இரண்டாவது, அநாதைகள், வாரிசுகள், பங்காளிகள் ஆகியோரின் உரிமையை மிதித்துச் செல்லும் இடம்.

நம்மவரின் காணிகளில் அநேகமானவை பாட்டனார் காலம் முதல் பிரிக்கப்படாத பங்குகளாக இருக்கின்றன. 'மூத்த மகனின் கையொப்பம் மட்டும் போதும், சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டாம்' என்று அவசரப்படும் கொள்வனவாளர் உண்டு. 'பங்காளிக்குத் தெரியாமல் முடித்துவிடுங்கள்' என்பவரும் உண்டு. பிரிக்கப்படாத சொத்தில் பங்காளிக்கு 'ஷுஃப்ஆ' எனும் முன்கொள்வனவு உரிமை இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபும் இவ்வுரிமையை ஏற்கிறது. பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சகோதரிகளின் பங்கு ஒரு சாண் அல்ல. பல பேர்ச் ஆகும்.

மூன்றாவது, மற்றொருவர் பேசி முடித்ததைத் தட்டிப் பறிக்கும் இடம்.

ஒருவர் விலை பேசி, விற்பவரும் இணங்கி, முற்பணமும் கொடுத்தாகிவிட்டது. பின்னர் இன்னொருவர் வந்து, 'பேர்ச்சுக்கு இருபத்தையாயிரம் கூட்டித் தருகிறேன், அவரைக் கழற்றிவிடுங்கள்' என்கிறார். ஒரு சகோதரரின் வியாபாரத்தின் மேல் மற்றவர் வியாபாரம் செய்வதை ஹதீஸ் தடுத்துள்ளது. விலை இன்னும் பேச்சளவில் இருந்து, விற்பவர் இணங்காத நிலையில் பலர் கேட்பதில் தவறில்லை. இணக்கம் ஏற்பட்ட பின் குறுக்கே வருபவருக்குத் துணைபோகும் தரகர் அந்தத் தடையில் தாமும் பங்காளியாகிறார்.

நான்காவது, உறுதியில் பொய் எழுதச் சொல்லும் இடம்.

நமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நிறைவேற்றப்பட வேண்டும். அந்த உறுதியில் உண்மையான விலையைக் குறைத்து எழுதுமாறு கேட்பது பலரிடம் சாதாரண வழக்கமாகிவிட்டது. இதன் கணக்கைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை வழமையாக முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதமும் எஞ்சிய தொகைக்கு 4 சதவீதமும் ஆகும். 80 இலட்சம் ரூபாய்க் காணிக்கு 319,000 ரூபாய் தீர்வை வரும். அதையே 40 இலட்சம் என்று எழுதினால் 159,000 ரூபாய்தான். மிச்சப்படுவது 160,000 ரூபாய். அந்தத் தொகைக்காக வாங்குபவர், விற்பவர், தரகர் ஆகிய மூவரும் ஒரு பொய்யில் கைகோக்கின்றனர். விடயம் அறிந்த சாட்சிகளும் அதில் சேர்ந்துகொள்கின்றனர். முத்திரைத் தீர்வை மாகாண சபைகளுக்குரிய வருமானம். நமது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளும் நாம் செல்லும் வைத்தியசாலைகளும் பல அச்சபைகளின் கீழேயே உள்ளன. அன்றியும், நாளை இவ்வியாபாரத்தில் பிணக்கு ஏற்பட்டுப் பணத்தை மீளப் பெற வேண்டி வந்தால், 40 இலட்சம் என்று எழுதிய உறுதியே கொள்வனவாளருக்கு எதிராக நிற்கும்.

இது போன்றே, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை, பிரதேச செயலாளரின் சம்மதமின்றி, வெறுந்தாளில் கையொப்பமிட்டு வாங்க விரும்புபவரும் வருவார். அது சட்டத்தில் நிற்காது. இன்று வாங்கியவரின் பிள்ளைகள் நாளை தெருவில் நிற்பார்கள். அவருக்கு உண்மையை எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விலகிவிடுங்கள்.

ஐந்தாவது, பணத்தின் மூலமும் ஆளின் அடையாளமும் மறைக்கப்படும் இடம்.

ஒருவர் பெருந்தொகையைப் பையில் கொண்டு வருகிறார். வங்கி வேண்டாம் என்கிறார். அடையாள அட்டையைக் காட்ட மறுக்கிறார். காணியை வேறொருவர் பெயரில் எழுதச் சொல்கிறார். காரணம் கேட்டால் கூலியை இரட்டிப்பாக்குகிறார். இங்கே மார்க்கமும் நாட்டின் சட்டமும் ஒரே குரலில் பேசுகின்றன. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் காணி, வீட்டு முகவர்களையும் உள்ளடக்குகிறது. வாடிக்கையாளரை அடையாளம் காண்பதும், சந்தேகத்துக்கிடமான கொடுக்கல் வாங்கலை இலங்கை மத்திய வங்கியில் இயங்கும் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிப்பதும் அவர்களுடைய கடமையாகும். இது தொடர்பான விரிவான விதிகள் 2018ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. அவ்வாறு அறிவித்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடவும் கூடாது. போதைப்பொருளால் வந்த பணம் நமது ஊரின் காணியாக மாறுவதற்கு நீங்கள் பாலமாக இருந்துவிடாதீர்கள். அந்தப் போதைப்பொருள் நம் வீட்டுப் பிள்ளைகளையும் தேடி வரும்.

பொத்துவில், வெலிகம போன்ற உல்லாசப் பயணிகள் வரும் கடலோரங்களில் இன்னொரு வகைக் கொள்வனவாளரைக் காணலாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், குறிப்பிட்ட விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்குக் காணியைச் சொந்தமாக மாற்றிக்கொடுப்பதைத் தடுக்கிறது. அதைத் தாண்டுவதற்காக உள்ளூர்வாசி ஒருவரின் பெயரை இரவல் கேட்பார்கள். பெயரைக் கொடுத்த ஏழை நாளை நீதிமன்றப் படிகளில் ஏறுவார். தரகர் அதற்கு முன்னரே கூலியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். அந்தக் கூலியில் பறகத் எங்கிருந்து வரும்?

ஆறாவது, வட்டியை ஏற்பாடு செய்யச் சொல்லும் இடம்.

வட்டியை உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் ஆகியோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகவும், இவர்கள் அனைவரும் சமமானவர்கள் என்று கூறியதாகவும் ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹு முஸ்லிமில் உள்ளது. கொள்வனவாளர் பணத்தை எங்கே பெறுகிறார் என்பதை முழுவதும் துருவுவது தரகரின் வேலையல்ல. ஆனால் வட்டிக் கடனைத் தாமே பேசி ஏற்பாடு செய்து, அதற்கும் ஒரு தரகு பெறுவது வேறு விடயம். அதிலிருந்து விலகிக்கொள்ளுங்கள், மாற்று வழியையும் காட்டுங்கள். வங்கிச் சட்டத்துக்கு 2005ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின் நமது நாட்டில் வட்டியில்லா வங்கி முறைக்கு வழி பிறந்தது. வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்கை வாடிக்கையாளர் படிப்படியாக வாங்கிக்கொள்ளும் முறை உண்டு. அத்தகைய ஒப்பந்தத்தின் விபரங்களை அறிந்த ஓர் ஆலிமிடம் அவரை அனுப்பி வையுங்கள்.

எவ்வாறு விலகுவது?

விலகுவதிலும் ஓர் ஒழுங்குண்டு. தொலைபேசியை எடுக்காமல் விடுவதும், இன்று நாளை என்று சாக்குச் சொல்வதும் முஸ்லிமுக்குரிய பண்பல்ல. அவர் உங்களை நம்பிக் காத்திருப்பார். அந்த இடைவெளியில் நல்லதொரு காணியை இழந்தும் விடுவார். ஆகவே நேரில் அல்லது தொலைபேசியில் தெளிவாகக் கூறிவிடுங்கள். 'உங்களுக்காக என்னால் இயன்றதைச் செய்தேன். இனி என்னால் தொடர முடியாது. வேறொருவரை நாடிக்கொள்ளுங்கள்' என்ற அளவு போதும். பாவமான காரியத்தைக் கேட்டவராயின் காரணத்தையும் மென்மையாகச் சொல்லுங்கள். உங்கள் சொல்லால் அவர் திருந்தி, அநியாயத்தைக் கைவிட்டால் அவருடன் தொடர்வதில் தடையில்லை. சந்தேகத்தை உரிய இடத்துக்கு அறிவித்த விடயத்தில் மட்டும், நான் மேலே கூறியவாறு, காரணத்தை வெளியிடாதீர்கள்.

அவர் தந்த உறுதிப் பிரதி, வரைபடம், முற்பணம் என்று உங்கள் கையில் இருப்பவற்றை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு ஸூரா அந்நிஸாவின் 58ஆவது வசனம் கட்டளையிடுகிறது. கோபம் வந்தவரின் அமானிதம் என்பதற்காக அந்தக் கட்டளை மாறுவதில்லை.

அவருடைய இரகசியங்களையும் காப்பாற்றுங்கள். எவ்வளவு வரை கொடுக்கத் தயாராக இருந்தார், குடும்பத்தில் என்ன சிக்கல் இருந்தது என்பவை உங்கள் செவியில் வைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைத் தேநீர்க் கடையில் பேசினால் அது புறமாகிவிடும். எனினும், இன்னொருவர் பாதிக்கப்படப் போகும் நிலையில் உங்களிடம் ஆலோசனை கேட்டால் அவசியமான உண்மையைச் சொல்லலாம். தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, நபியவர்கள் அவ்விருவரிடமும் இருந்த குறையை எடுத்துக் கூறினார்கள். தேவையின் அளவுக்கு மட்டுமே இவ்வனுமதி உண்டு; பழிவாங்குவதற்கு அல்ல.

பெற்றோர்களே!

உங்கள் மகன் ஒரு நாள் மாலை வந்து, 'உம்மா, இன்று ஒரு காணி முடிந்தது' என்று பணக்கட்டை உங்கள் கையில் வைப்பான். அல்ஹம்துலில்லாஹ் என்று கூறுங்கள். பின்னர் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: 'வாங்கியவரும் விற்றவரும் மனம் பொருந்திப் பிரிந்தார்களா, மகனே?'

வேறொரு நாள் அதே மகன் வெறுங்கையோடு வந்து, 'பெரிய காணி ஒன்று, வாப்பா. வாங்க வந்தவர் பொய் சொல்லச் சொன்னார். விட்டுவிட்டேன்' என்பான். அந்த வேளையில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை அவன் உற்றுப் பார்ப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாகனம் வாங்கியதை அப்போது நினைவூட்டாதீர்கள். 'நீ ஏன் பெரிய ஆலிமா?' என்று பரிகசிக்காதீர்கள். அவன் இழந்தது ஒரு தரகுக் கூலி. உங்கள் முகம் சுருங்கினால் அவன் இழப்பது அடுத்த முறை விலகுவதற்கான துணிவை. மகனை ஹலாலில் நிலைக்கச் செய்வதில் தகப்பனின் ஒரு புன்னகைக்கும் பங்குண்டு.

வாலிபர்களே!

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பறகத் செய்யப்படும். பொய் பேசி மறைத்தால் அந்தப் பறகத் அழிக்கப்பட்டுவிடும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்தாகும். அந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர் நீங்கள். உண்மையும் உங்கள் வாயாலேயே கடந்து செல்கிறது. பொய்யும் உங்கள் வாயாலேயே கடந்து செல்கிறது. ஒரு கொள்வனவாளரை இழந்தால் அல்லாஹ் இன்னொருவரை அனுப்புவான். ஊரார் உங்கள் சொல்லின் மீது வைத்த நம்பிக்கையை இழந்தால், அதை வாங்கித் தரும் தரகர் எவரும் இல்லை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் ஹலாலையும் பறகத்தையும் தந்தருள்வானாக! அநியாயத்துக்குத் துணைபோவதிலிருந்து நம்மையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.